மாழைப் படலம் ஏடாகும் வகையும் அதன் பெயரும்



தமிழில் அறிவியலைச் சொல்ல இயலுமோ என்னும் வினா இன்றும் கேட்கப்படுகின்றது. இயலும், இயலும் என்று மேடைதோறும் முழங்குவதால் அவ்வினா மாயாது. 1875-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் கிறீன் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூலைத் தமிழில் வெளியிட்டார் என்று பழம்பெருமை பேசுவதாலும் மாயாது. புதியதும் நுண்ணியதுமான ஒரு பொருளை எடுத்து, அது யாது, எவ்வாறு ஆக்கப்படுகின்றது, எதற்குப் பயன்படுகின்றது என்பனவற்றைத் தமிழிலேயே சொல்லிக் காட்டுதல் வேண்டும். அவ்வாறு சொல்லப் புகுந்தவுடன் எழும் முதற் சிக்கல் பெயர்ச் சிக்கல். பெயர் வைப்பவன் பொருளை அறிந்து வைக்கின்றானா, ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்து வைக்கின்றானா என்பதில்தான் கலைச்சொல்லாக்கத்தின் வாழ்வும் தாழ்வும் இருக்கின்றன.

ஒரு சான்று. நாம் மூச்சாய் இழுக்கும் வளிக்குப் பிரெஞ்சு நாட்டு இலவாசியே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஒரு பெயர் வைத்தார். 'புளிப்பை ஆக்குவது' என்பது அதன் பொருள். அமிலம் எல்லாவற்றிலும் அவ்வளி இருந்தே தீரும் என்று அவர் நம்பினார். உப்பிலிருந்து வடிக்கும் அமிலத்தில் அவ்வளி சிறிதும் இல்லை என்று ஆங்கில நாட்டு டேவி 1810-இல் நிறுவினார். கருத்து வீழ்ந்தது; பெயர் மட்டும் நின்றது. செருமானியர் அப்பெயரைத் தம் மொழியில் 'புளிப்புப் பொருள்' என்று அப்படியே பெயர்த்துக்கொண்டனர். பிழையும் உடன் சென்றது. தமிழரோ அவ்வளியின் தொழிலை நோக்கி உயிர்வளி, உயிரகம் என்றனர். மூலப்பெயரின் பிழை தமிழ்ப்பெயரில் ஏறவில்லை. தமிழின் வளத்தைக் காட்டிலும், பெயரிட்டவர் பொருளைப் பார்த்த பார்வையே இதற்குக் காரணம் என்க.

இவ்வுரையில் உலோகம் 'மாழை' என்றும், ஆக்சைடு 'உயிரகை' என்றும், ஐடிராக்சைடு 'நீருயிரகை' என்றும் வழங்கப்பெறும். நிக்கல், மகனீசியம், அலுமினியம் முதலிய தனிமப் பெயர்கள் பள்ளி நூல்களில் உள்ளவாறே நிற்கும். அவற்றுக்கும் தூய தமிழ்ப்பெயர் ஆக்குவோர் உளர். அது வேறொரு நாளைக்குரிய உரை.

இனிப் பொருளுக்கு வருவோம். நார்வே நாட்டில் சினாரம் என்னும் பகுதியில் வெண்மையும் முத்தொளியும் உடைய மெல்லிய கனிமம் ஒன்று கிடைத்தது. 1842-இல் ஓக்சுடெட்டர் என்பார் அதனை விரித்துரைத்துப் பெயரிட்டார். நீர் மிகுதியாய் இருந்தமையாலும், தொடுவதற்கும் பார்ப்பதற்கும் மாக்கல் போன்றிருந்தமையாலும் 'நீர் மாக்கல்' எனப் பொருள்படும் ஐதரோதால்சைட்டு என்று அதனை அழைத்தார். மாக்கல்லில் மணலின் மூலமாகிய சிலிக்கன் உண்டு. இதில் அஃது அறவே இல்லை. தோற்றத்தைக் கண்டு வைத்த பெயர் இப்படித்தான் இருக்கும். 1915-இல் இத்தாலி நாட்டு மனாசே அதன் சரியான வாய்பாட்டைக் கண்டறிந்தார்: மகனீசியம் ஆறு, அலுமினியம் இரண்டு, நீருயிரகைத் தொகுதி பதினாறு, கார்பனேட்டு ஒன்று, நீர் மூலக்கூறு நான்கு.

இவ்வெண்கள் சும்மா அமைந்தவை அல்ல. ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்க. ஏடு, அதன்மேல் ஏடு, அதன்மேல் ஏடு. இக்கனிமத்தின் ஒவ்வோர் ஏடும் மகனீசிய நீருயிரகையால் ஆனது. ஒவ்வொரு மகனீசிய அணுவைச் சுற்றியும் ஆறு நீருயிரகைத் தொகுதிகள் நிற்கின்றன. மகனீசியம் இரண்டு நேர்மின் அலகு உடையது. அவ்வேட்டில் எட்டு இடத்துக்கு இரண்டு இடத்தில் மகனீசியத்தை விலக்கி அலுமினியம் அமர்கின்றது. அலுமினியத்துக்கு மூன்று அலகு. ஆகவே அமர்ந்த இடந்தோறும் ஓர் அலகு நேர்மின் மிகுகின்றது. இரண்டு இடத்துக்கு இரண்டு அலகு மிகை. அம்மிகையை ஈடுசெய்ய, இரண்டு அலகு எதிர்மின் உடைய கார்பனேட்டு ஒன்று ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே புகுந்து நிற்கின்றது. நீரும் அவ்விடைவெளியிலேயே தங்குகின்றது. ஏட்டின் பருமன் அரை நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஓர் ஏட்டின் அடியிலிருந்து அடுத்த ஏட்டின் அடிவரை, கார்பனேட்டு உள்ளபோது, முக்கால் நானோமீட்டருக்குச் சற்று மிகுதி. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு.

வயலில் மிதிக்கும் களிமண்ணும் ஏடேடாய் அமைந்ததே. ஆயின் களிமண்ணின் ஏடு எதிர்மின் உடையது. இடையில் நேர்மின் அயனிகளைப் பிடித்து வைக்கும். உரத்தின் சத்து மண்ணில் தங்குவது அதனால்தான். இங்கே சொல்லப்படும் பொருள் அதற்கு நேர்மாறு; எதிர்மின் அயனிகளைப் பிடித்து வைப்பது. மகனீசியம் இருக்கும் இடத்தில் நிக்கல், துத்தநாகம், கோபால்ட்டு இருக்கலாம். அலுமினியம் இருக்கும் இடத்தில் இரும்போ குரோமியமோ இருக்கலாம். மூன்றலகு மாழை நான்கிலொன்று அல்லது அதனை ஒட்டிய அளவில் இருத்தல் வேண்டும். இடையில் நிற்கும் அயனியையும் மாற்றலாம். இக்குடும்பம் முழுமைக்கும் ஆங்கிலத்தில் மூன்று சொற்களால் ஆன ஒரு பெயர் உண்டு: அடுக்குடைய, இரட்டை, ஐடிராக்சைடு.

இங்கேதான் தமிழாக்குவோர் இடறும் கல் கிடக்கின்றது. 'இரட்டை' எது? சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துப் பைட்கினெக்டு 1942-ஆம் ஆண்டளவில் இப்பொருளைச் சோதனைக்கூடத்தில் ஆக்கியவர். இத்துறைக்கு மூலவர் என்றே சொல்லலாம். ஓர் ஏடு முழுதும் ஒரு மாழை, அடுத்த ஏடு முழுதும் மற்றொரு மாழை, இவ்வாறு மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன என்று அவர் கருதினார். 'இரட்டையடுக்குக் கட்டமைப்பு' என்று தம் செருமானிய மொழியில் பெயரிட்டார். 1968, 1969-ஆம் ஆண்டுகளில் ஆல்மன், தெய்லர் என்னும் இருவரும் ஊடுகதிர் கொண்டு படிகத்தை ஆராய்ந்தனர். இரு மாழையும் ஒரே ஏட்டில் கலந்து நிற்கின்றன என்பது அப்போது தெளிவாயிற்று. ஆகவே 'இரட்டை' என்பது அடுக்கைச் சாராது, மாழையைச் சாரும். படிகாரத்தை வேதியியலார் இரட்டை உப்பு என்பர். அதில் அலுமினியமும் பொட்டாசியமும் ஆகிய இரண்டு இருத்தலால். அதே கருத்தே இங்கும்.

அகரமுதலியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 'இரட்டை அடுக்கு ஐடிராக்சைடு' என்று ஒருவர் எழுதினால், 1960-களில் வீழ்ந்த கருத்தைத் தமிழில் மீண்டும் எழுப்பியவர் ஆவார். 'அடுக்கு இரட்டை' என்று சொல் வைப்பை ஆங்கிலம் போல வைத்தாலும் மயக்கம் தீராது. 'இருமாழை அடுக்கு நீருயிரகை' என்று சொல்லுக. இரண்டு என்பது எதனைத் தழுவுகின்றது என்பது பள்ளி மாணவனுக்கும் விளங்கும். சுருங்கச் சொல்ல வேண்டுமிடத்து 'இருமாழை ஏடு' என்க.

இனி இதனை ஆக்கும் வகை. பழைய வழி எளிது. இரு மாழைகளின் உப்பையும் நீரில் கரைத்துக் காரக் கரைசலில் சொட்டுச் சொட்டாய் விடுதல். பால் திரிவது போல் வெண்பொருள் திரிந்து படியும். கழுவி உலர்த்தினால் மாவு. வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் விற்கும் மாகால்டிரேட்டு இவ்வினத்தைச் சேர்ந்ததே. மாவாய் உண்பதற்கு மாவே போதும். ஆனால் ஒரு தகட்டின்மேல், ஒரு கண்ணாடியின்மேல், ஒரு மின்வாயின்மேல் இப்பொருள் உறுதியாய் ஒட்டி நிற்க வேண்டுமாயின் மாவு உதவாது. பசை கொண்டு ஒட்டினால் பசையே ஏட்டின் வாயை அடைத்துவிடும். மின்சாரமும் எளிதில் செல்லாது. நீரில் சிலநாள் கிடந்தால் உதிர்ந்தும் போகும்.

ஆகவே அறிஞர் வேறொரு வழி கண்டனர். இருமாழை ஏட்டைக் கொண்டுவந்து ஒட்டாமல், தகட்டின்மேல் முன்பே இருக்கும் உயிரகைப் படலத்தை அவ்விடத்திலேயே ஏடாக மாற்றுதல். ஒட்டி வைத்த செடிக்கும் வேர்விட்ட செடிக்கும் உள்ள வேறுபாடு இது.

வீட்டிலுள்ள அலுமினியக் கலத்தை எடுத்துக்கொள்க. அதன் மேற்பரப்பு வெறும் அலுமினியம் அன்று. காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் பருமனில் அலுமினிய உயிரகை அதன்மேல் போர்த்துக்கொள்ளும். மின்சாரத்தைச் செலுத்தி அப்போர்வையைத் தடிக்கவும் செய்யலாம். அலுமினியமே இல்லாத கண்ணாடி, சிலிக்கன், நார் முதலியவற்றின்மேல் அப்படலம் வேண்டுமாயின், அதற்கும் ஒரு வழி உண்டு. பின்லாந்து நாட்டுச் சுந்தோலா 1974-இல் கண்ட அணுவடுக்குப் படிவு முறை அது. அலுமினியம் தாங்கிய ஆவியொன்றை உள்ளே விடுவர், மேற்பரப்பில் இடம் உள்ளவரை அது ஒரு முறை ஒட்டும், மிகுதியை வெளியேற்றுவர். பின் நீராவியை விடுவர், ஒட்டியது உயிரகையாகும். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.1 நானோமீட்டர், நூறு சுற்றுக்குப் பத்து. சுவருக்கு வெள்ளையடிப்போன் ஒரு பூச்சு உலர்ந்தபின் மறு பூச்சு அடிப்பது போலத்தான்; பூச்சுதான் அணு அளவினது. 2018-இல் பின்லாந்தின் ஆயிரமாண்டுத் தொழில்நுட்பப் பரிசு இதற்காகவே சுந்தோலாவுக்கு வழங்கப்பெற்றது.

இப்படலம் தாங்கிய தகட்டை நிக்கல் நைத்திரேட்டு அல்லது துத்தநாக நைத்திரேட்டுக் கரைசலில் அமிழ்த்தி, அம்மோனியா போன்ற மெல்லிய காரத்தைச் சிறிதளவு சேர்த்து, மிதமாய்ச் சூடேற்றுவர். அலுமினிய உயிரகைக்கு ஓர் இயல்பு உண்டு: அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். மேற்பரப்பு நீரை ஏற்று நெகிழ்கின்றது. அலுமினியம் சிறிது சிறிதாய்க் கசிகின்றது. கசிந்தது வெகுதொலைவு செல்வதற்குள், கரைசலில் காத்திருக்கும் நிக்கல் அதனைப் பிடித்துக்கொள்கின்றது. பிடித்த இடத்திலேயே ஏடு முளைக்கின்றது. காரம் மிகுந்தால் படலம் ஏடாவதற்குமுன் கரைந்து ஓடிவிடும். குறைந்தால் முளைப்பே இராது. இதன் நுட்பமெல்லாம் இந்த ஈரெல்லைக்கு நடுவே நிற்பதில்தான்.

முளைத்த ஏடுகள் தகட்டின்மேல் படுத்துக்கிடப்பதில்லை; பெரும்பாலும் செங்குத்தாய் நிற்கின்றன. நாற்றங்காலை நினைத்துக்கொள்க. நெருங்கி முளைத்த நாற்று பக்கவாட்டில் சாய இடமின்றி நிமிர்ந்தே வளரும். பக்கம் நோக்கி வளரும் ஏடு அண்டை ஏட்டில் முட்டி நின்றுவிடும்; மேல்நோக்கியது தொடர்ந்து வளரும். இதனால் ஏட்டின் விளிம்புகள் எல்லாம் வெளியே திறந்திருக்கின்றன. அயனி புகவும் வெளிவரவும் வழி எளிதாகின்றது.

படலம் ஏன் மென்மையாய் இருத்தல் வேண்டும்? தடித்த படலமாயின், மேற்பகுதி மட்டும் ஏடாகி அடியை மூடிவிடும்; உள்ளிருப்பது மாறாமல் நின்றுவிடும். மென்படலம் முழுதும் மாறும். எவ்வளவு உயிரகை வைத்தோமோ அவ்வளவுக்கே ஏடு. அளவு முன்பே கைக்குள் இருக்கின்றது.

பெய்சிங் வேதியியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் துவான் சுயே குழுவினர் மின்வழித் தடித்த அலுமினியப் படலத்தின்மேல் இவ்வாறு ஏடுகளை வளர்த்து, 2006-இல் ஒரு வியப்பைக் காட்டினர். வளர்ந்த ஏட்டின்மேல் இலாரேட்டு என்னும் கொழுப்பமில உப்பைப் படியச் செய்தனர். அதன் தாய் அமிலம் தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பாதியளவு உள்ளது. அதன்பின் அத்தகடு நீரை ஏற்க மறுத்தது. தாமரையிலைமேல் உருளுவது போல் நீர்த்துளி உருண்டு ஓடியது. நீர் ஒட்டாத மாழையில் துருவும் அரிப்பும் எளிதில் ஏறா. அரிப்பைத் தடுக்க இவ்வேட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. வானூர்தி அலுமினியத்தைக் காக்க நெடுங்காலம் பயன்பட்ட குரோமேட்டு புற்றை விளைக்கும் நஞ்சு. அதற்கு மாற்றாக, அரிப்பைத் தடுக்கும் வனேடேட்டு போன்ற அயனியை ஏட்டிடையே நிரப்பி வைப்பர். கடலுப்பின் குளோரைடு அங்கு வந்து சேருங்கால், ஏடு குளோரைடை உள்ளே இழுத்துக்கொண்டு தடுப்பானை வெளியே விடும். பகைவன் வந்தால் மட்டும் திறக்கும் கதவு.

ஒன்று மட்டும் இவ்வேலையில் ஓயாத தொல்லை. காற்றிலுள்ள கரிவளி நீரில் கரைந்து கார்பனேட்டாகிறது. ஏட்டிடை இடத்துக்குக் கார்பனேட்டைப் போல் வலுவாய்ப் பற்றிக்கொள்வது அரிது. நைத்திரேட்டு இருந்த இடத்தில் அது புகுந்தால் எழுப்புவது கடினம். ஆகவே நீரைக் கொதிக்கவைத்துக் கரிவளியை ஓட்டி, காற்றுப் புகாமல் வேலை செய்கின்றனர்.

உயிரகையிலிருந்து ஏடு பிறக்கும் இவ்வழிக்கு உறவான ஓர் இயல்பும் உண்டு. மகனீசிய அலுமினிய ஏட்டை 400 முதல் 500 பாகை வெப்பத்தில் சுட்டால் நீரும் கரிவளியும் ஓடி, ஏடு குலைந்து, கலப்பு உயிரகையாகிறது. அதனை நீரில் இட்டால், நீரையும் அங்குள்ள எதிர்மின் அயனிகளையும் இழுத்துக்கொண்டு மீண்டும் ஏடாக எழுகின்றது. இதனை 'நினைவு' என்பர் ஆங்கிலத்தில். உயிரற்ற பொருளுக்கு நினைவு ஏது? 'மீளமைவு' என்பதே தக்க சொல். இவ்வியல்பு தமிழ்நாட்டுக்கு மிக நெருங்கியது. தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பல்லும் எலும்பும் கெட்டவர் பலர். ஓரளவுக்கு மேல், அதாவது இலீட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல், அது குடிநீரில் இருத்தலாகாது. 2013-இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டு இக்கேட்டை நீக்க வந்தது. சுட்ட ஏடு நீரிலுள்ள புளோரைடை இழுத்துக்கொண்டு மீளமையும் என்பதைப் பல நாட்டு ஆய்வாளரும் காட்டியுள்ளனர். அந்நீரைக் குடிப்பவனுக்கு இதனை எந்த மொழியில் சொல்வது?

மற்றொரு வரலாறு நிக்கலைப் பற்றியது. மென்படலத்தின் பெருமை முழுதும் இதில் விளங்கும். நீரை மின்சாரத்தால் பிரித்து நீரகத்தை எரிபொருளாய்க் கொள்வதில் உயிரகம் வெளிவரும் பக்கமே கடினமானது. அதற்கு இரிடியம் போன்ற அரிய மாழையின் உயிரகையை வினையூக்கியாய்க் கொள்வர். ஓரிகான் பல்கலைக்கழகத்துப் பெட்சர் குழுவினர் 2012-இல் இரண்டு மூன்று நானோமீட்டரே பருமனுள்ள உயிரகைப் படலங்களை ஒவ்வொன்றாய் ஆக்கி ஒப்பிட்டனர். நிக்கல் ஒன்பது பங்கும் இரும்பு ஒரு பங்கும் உள்ள படலமே காரக் கரைசலில் முதலிடம் பெற்றது. சதுர சென்றிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்துக்கு 336 மில்லி வோல்ட்டு மிகையழுத்தமே வேண்டியிருந்தது; இரிடிய உயிரகைப் படலத்தைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல். காரணம் யாது? வைத்தது உயிரகை, மின்சாரம் பாய்ந்தவுடன் அது நின்ற இடத்திலேயே அடுக்குப் பொருளாய் மாறிவிட்டது. படலம் மென்மையாய் இருந்தமையால் ஏறத்தாழ ஒவ்வொரு நிக்கல் அணுவும் வேலையில் ஈடுபட்டது. படலம் தடித்திருந்தால் எது பொருளின் ஆற்றல், எது பருமனின் விளைவு என்று பிரித்தறிய இயலாது போயிருக்கும்.

இரும்பின் பங்கு தற்செயலாய்த் தெரிந்தது. நிக்கல் படலத்தில் மாசாய்ப் புகுந்த இரும்பே அதன் ஆற்றலைக் கூட்டுகின்றது என்று கோரிகன் 1987-இலேயே காட்டியிருந்தார். பெட்சர் குழுவினர் 2014-இல் காரக் கரைசலிலிருந்து இரும்பை முற்றும் நீக்கிப் பார்த்தபோது, தனி நிக்கல் மிக மந்தமானது என்று தெளிந்தது. கலப்பால் ஆற்றல் கூடுகின்றதே என்று மொழிக்கலப்புக்கு இதனைச் சான்றாக்க முந்துவோர் இருக்கக்கூடும். மாழைக்குப் பொருந்துவது மொழிக்குப் பொருந்த வேண்டும் என்னும் விதி எந்த நூலிலும் இல்லை.

மின்வேதியியலுக்கென்றே ஒரு நடுவண் ஆய்வு நிறுவனம் 1953 முதல் காரைக்குடியில் இயங்கி வருகின்றது. வள்ளல் அழகப்பர் ஈந்த நிலத்தில் எழுந்தது அது. அரிப்பும் மின்வாயும் நீர்ப்பகுப்பும் அதன் துறைகள். செட்டிநாட்டு மண்ணில் நின்று செய்யும் ஆய்வு ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. அண்டை ஊர்ப் பள்ளி ஆசிரியனுக்கு அது எட்டுவதில்லை. ஆய்வேடு ஆங்கிலத்தில் போகட்டும். அதனோடு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் இணைத்தல் அரிதன்று. அச்சுருக்கத்தை எழுதும் ஆய்வாளரே தம் பொருளுக்குப் பெயரும் இடுவாராயின், அகரமுதலிக்காரர் செய்யும் பிழை நேராது. பொருளைக் கையால் தொட்டவர் அவர்தாமே.

பெயரிட வேண்டியவை இன்னும் உள. மேற்சொன்ன நிக்கல் இரும்பு ஏட்டில் மின்சாரம் பாயும்போது நீருயிரகைத் தொகுதியிலிருந்து நீரகம் சிறிது கழன்று, உயிரகை பாதி நீருயிரகை பாதியாய் ஒரு நிலை தோன்றுகின்றது. உயிரகத்தை வெளிவிடும் வேலையைச் செய்வது அந்நிலையே. 'உயிரக நீருயிரகை' என்று ஆங்கிலத்தைப் பின்பற்றிச் சொன்னால் உயிரகம் புதிதாய் வந்து சேர்ந்தது போலத் தோன்றும். வந்தது எதுவும் இல்லை, நீரகம் போயிற்று. 'நீரகம் இழந்த நீருயிரகை' என்பது சரி, ஆயின் நீளம். 'குறைநீருயிரகை' என்று சொல்லிப் பார்க்கலாம். இதனினும் நல்ல சொல் உடையவர் இவ்விதழுக்கு எழுதுக.